வாரத்துக்குப் பதினான்கு வேளை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னவன் நான்தான். கேட்டவள், கும்மிடிப்பூண்டியில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து போன் செய்த கல்பனா என்ற பெண்.

"கெங்கம்மாள் இருக்காங்களா?" என்றாள்.

என் மனைவி இறந்து அன்றைக்குப் பத்தொன்பது நாள்.

"பின்னால துணி தோய்ச்சிக்கினு கீறா. இன்னா விசயம், எங்கிட்ட சொல்லும்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். பத்தொன்பது நாளாக எல்லோரும் 'இருந்தாங்க' என்றார்கள். இவள் 'இருக்காங்களா' என்றாள். அவ்வளவுதான்.

2

முதல் வரியாக வேறொன்று வைத்திருந்தேன்: எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்ற ஒரு மார்கழிக் காலையில், கெங்கம்மாள் புது அடுப்பைப் பற்றவைத்து—

(இதில் ஏதோ சரியில்லை. விட்டுவிட்டேன்.)

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். புகை குறைவாக வரும் விறகு அடுப்பு. ஒரு கம்பெனி எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தது. அதில் சமைத்தால் விறகு மிச்சம். எரியாமல் மிஞ்சிய விறகுக்குத் தக்க ஒரு கார்பன் சான்றிதழ். அதை எங்கோ ஒரு தொழிற்சாலை வாங்கித் தன் புகைக்கு ஈடாகக் காட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன். அடுப்பு எரிகிறதா, வாரம் எத்தனை வேளை, என்ன சமையல்?

"பதினாலு வேளை" என்றேன். கல்பனா எழுதிக்கொண்டாள்.

3

இரண்டு வருடம் இப்படிப் போனது.

"இன்னைக்கு இன்னா சமையல் ஐயா?"

"எறா தொக்கு. பழவேற்காட்டுக்காரம்மா காலைல கூடை எட்த்தாந்திச்சி."

"ஐயோ, நான் இங்க டப்பால தயிர்சாதம் வச்சிக்கினு கீறேன். ஆன்ட்டிகிட்ட சொல்லி வைங்க, ஒருநாள் நேரா வந்து தட்டு போட்டுக்கினு ஒக்காந்துடுவேன்."

"வாம்மா, வா."

(போனை வைத்துவிட்டுக் கடை இட்லியைப் பிரித்தேன். இது கதைக்கு வேண்டுமா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

4

போன மாதம் அடுப்பை நேரில் பார்க்க இளமதி என்பவர் வந்தார். அவரை முதலில் கறாரான அதிகாரியாக, மூக்குக்கண்ணாடி எல்லாம் மாட்டி எழுதினேன். நம்பும்படி இல்லை. உண்மையில் செருப்பு வார் அறுந்து, வாசலில் நின்று ஊக்கு கேட்டார்.

"நீங்க கம்பெனியா?"

"இல்ல சார். கணக்கு எழுதறது கம்பெனி. அதைச் சரிபார்க்கறது ஒரு ஏஜென்சி. அந்த ஏஜென்சிக்கு ஃபீஸ் குடுக்கறதும் அதே கம்பெனிதான். அதனால ரெண்டு பேரையும் பார்க்கறதுக்குத் தனியா ஒரு குழு போட்டிருக்காங்க. நாங்க ரெண்டு பக்கமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டோம்."

"எங்க ஊட்டு டீ?"

"அதுவும் வேணாம் சார், கோச்சிக்காதீங்க. தண்ணி குடுங்க."

எனக்குப் புரிந்தது.*

"போன்ல கேக்கறதுக்கு நாப்பது வீடுதான் சாம்பிள் எடுத்திருக்கு. உங்க வீடும் ஒண்ணு. நீங்க சொல்றது முந்நூறு வீட்டுக்குச் சமம் சார்."

முந்நூறு வீடு! நான் சொன்ன எறா தொக்கு முந்நூறு அடுப்பில் கொதித்திருக்கிறது. முந்நூறு கெங்கம்மாள்கள் முந்தானையில் கை துடைத்திருக்கிறார்கள். வெட்கமில்லாமல் ஒரு நொடி எனக்கு அது பிடித்திருந்தது. அந்த முந்நூறைக் காட்டி எங்கோ ஒரு புகைபோக்கியிலிருந்து நிஜமான புகை போயிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

_* லாரி எடைமேடையில் இருபத்தாறு வருடம் சீட்டு எழுதியவன் நான். மேடைக்காரனே தன் மேடை சரி என்றால் எந்த டிரைவரும் சிரிப்பான். அதற்கென்று வருடத்துக்கு ஒருமுறை முத்திரையிட்ட எடைக்கற்களோடு வெளியாள் வருவார். வந்து போனபின் எனக்கும் நிம்மதியாக இருக்கும்._

5

"அம்மா எங்க சார்? அவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும்."

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், "ஆர்.கே.பேட்டைல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்கா" என்கிறேன். இளமதி குறித்துக்கொண்டு போகிறார். கல்பனா அடுத்த தடவையும் கூப்பிடுகிறாள். இன்னொன்றில், இறந்துவிட்டாள் என்கிறேன். பெயரை அடிக்கிறார்கள். அதன் பிறகு இந்த உலகத்தில் ஒருவர்கூட 'கெங்கம்மாள் இருக்காங்களா' என்று என்னைக் கேட்கப்போவதில்லை.

இரண்டாவதை எழுத வரவில்லை. அதனால் நடந்ததையே எழுதுகிறேன். இளமதி அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். கரி ஏறாத அடுப்பு. உள்ளே சிலந்தி வலை. அவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்துகொண்டு, அம்மா எங்கே என்று மறுபடி கேட்டார்.

அந்த அடுப்பு வந்த அன்று கெங்கம்மாள் சொன்னது இதுதான்:

"இதுக்கு வெறக சுண்டுவெரலாட்டம் வெட்டணுமாமே. நீ எடைமேடைல ஃபேன் போட்டுக்கினு ஒக்காந்துக்குவ, நான் இங்க வெறகு சீவிக்கினு கெடக்கணுமா? எவன் கண்டுபுட்ச்சானோ, அவன் பொண்டாட்டிய மொதல்ல சமைக்கச் சொல்லுய்யா!"

ஒரு வேளைகூட அவள் அதில் சமைக்கவில்லை.

நான் போனில் வளர்த்தவளோ சொன்னபடி சமைத்தாள், ஒரு வார்த்தை ஏசாமல். எனக்கு அப்படி ஒரு மனைவி இருந்ததே இல்லை. இரண்டு வருடமாக யாரை உயிரோடு வைத்திருந்தேன்?

6

ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ளலாம். சாந்தமானவள் வேண்டுமென்றால் போன் வரும். ஏசுகிறவள் வேண்டுமென்றால், அவள் இறந்துபோனவள் என்று சொல்ல வேண்டும்.

நான் சொன்ன பதில் இளமதியின் தாளில், என் கையெழுத்தோடு இருக்கிறது. அதை இங்கே எழுதலாம். ஆனால் நீங்கள் நம்பக் கூடாது. இரண்டு வருடம் பொய் சொன்னவன் தனக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் முடிவை நீங்கள் எழுதுங்கள். பேனா திறந்திருக்கிறது, அவர் கேட்டுவிட்டு நிற்கிறார். எனக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.

உங்களுக்கு அவளைத் தெரியாது. உங்களால் முடியும்.