சாக்கு வேறு, காரணம் வேறு

எனக்கு வாய் நீளம். அதனால்தான் என்னை நூலகத்தின் மூன்றாம் மாடியில் எழுத்து உதவி அறைக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பாள் இமானி. அவள் எனக்குப் பக்கத்து மேசை. இருவரும் ராணுவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. சக மாணவர்கள் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாங்கள் வாசிப்போம், கேள்வி கேட்போம், குடைவோம். ஆனால் திருத்தித் தரமாட்டோம். சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது: ‘பேனா எழுதுகிறவர் கையில்.’ எங்கள் கை அவர்கள் தாளில் பட்டுவிட்டால், கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் அதை அவர்கள் ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். எழுதினால் ஆசிரியர் அந்தக் கட்டுரையை வாங்காமல் திருப்பியடிக்கலாம். எழுதாமல் மறைத்தால் அது பொய். பொய் சொன்னவருக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடையாது.

பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றே முக்காலுக்கு ஹோலிஸ் பாய்ட் வந்தான். முதலாண்டு மாணவன், மிசூரி மாநிலத்துக்காரன். விடுதியில் எங்கள் மாடிதான். ஷூவில் ஒட்டிய பனிகூட உருகவில்லை, அதற்குள் என் மேசை முன் விறைத்து நின்றான்.

“உக்காரு.”

“சரி, மேம்!”

“இந்த ரூமுக்குள்ள மேம் கீம் எல்லாம் கிடையாது. இங்க நான் கோரா. எங்க, சொல்லு பாப்போம்.”

வாயைத் திறந்தான். மூடினான். முகம் சிவந்தது. “கோரா... மேம்.”

“விடுடி, பாதி தூரம் வந்துட்டான்ல,” என்றாள் இமானி.

எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கு வரவில்லை. ஏன் வரும்? அன்று மாலை நான்கு மணிக்குள் எழுத்துப் பாட ஆசிரியை மேஜர் அகினோவிடம் அவன் ஒரு கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தேறவில்லை, இது கடைசி முறை. கணிதத்தில் ஏற்கெனவே தோற்றிருந்தான். இதிலும் தோற்றால் திங்கட்கிழமையே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

“எந்த வழக்கத்தப் பத்தி எழுதியிருக்க?” என்று கேட்டேன். இங்குள்ள ஏதாவது ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டு, அது தொடர வேண்டுமா, ஒழிய வேண்டுமா என்று வாதிட வேண்டும். அதுதான் மேஜர் கொடுத்த வேலை.

“நிமிடம் கத்துறதப் பத்தி, மேம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு அணிவகுப்புக்கு முன்பும் முதலாண்டுப் பிள்ளைகள் நடைவழியில் நின்று, இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். என்ன சீருடை, என்ன சாப்பாடு என்பதையும் சேர்த்துக் கத்துவார்கள். என் கதவுக்கு வெளியே தினமும் கத்துகிற அந்தக் கரகரக் குரல் இவனுடையதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கட்டுரையை வாசித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ‘இந்த வழக்கம் தொடர வேண்டும். இது ஒழுங்கைக் காக்கிறது. இதை நிறுத்தக் கூடாது. மாணவர்கள் இதை மதிக்க வேண்டும்.’ நான்கு பக்கமும் இப்படியே உத்தரவுகள். முடித்தபோது எழுந்து நின்று சல்யூட் அடிக்கத் தோன்றியது.

“சரி. ஏன் தொடரணும்?” என்றேன்.

நாற்காலி பின்னால் சாய, அவன் துள்ளி எழுந்தான். குதிகால்கள் சேர்ந்தன, தாடை உயர்ந்தது. “சாக்கு எதுவும் இல்லை, மேம்!”

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூலையில் ஒருவன் காப்பியைச் சிந்திக்கொண்டான். நான் மேசையில் கவிழ்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தேன். அடக் கடவுளே, இதுதான்! நோய் இங்கேதான் இருக்கிறது!

முதலாண்டில் மூத்தவர்கள் எதைக் கேட்டாலும் நான்கே பதில்தான். ஆமாம் மேம். இல்லை மேம். புரியவில்லை மேம். சாக்கு எதுவும் இல்லை மேம். ‘ஏன் பொத்தான் மங்கியிருக்கு?’ என்று கேட்டால், தண்ணீர் வரவில்லை, தங்கைக்குக் கல்யாணம் என்றெல்லாம் கதை விட முடியாது. ‘ஏன்’ என்ற சத்தம் காதில் விழுந்ததும் நான்காவது பதில் வாயில் வந்து நிற்க வேண்டும். நானும் அந்த ஓராண்டைக் கடந்து வந்தவள்தான். ஏழு மாதமாக அதையே உருப்போட்டவன் கட்டுரையில் மட்டும் எங்கிருந்து காரணம் சொல்வான்? நான்கு பக்கத்தையும் விரலால் தடவித் தேடினேன். ‘ஏனென்றால்’ என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்கூட இல்லை.

“ஹோலிஸ், உக்காரு. நான் கேட்டது சாக்கு இல்லடா. காரணம். சாக்கு வேற, காரணம் வேற. நீ பண்ண தப்புக்குச் சொல்றது சாக்கு. நீ நம்புற விஷயத்துக்குச் சொல்றது காரணம். இப்ப சொல்லு, ஏன் தொடரணும்?”

“புரியலை, மேம்.”

மூன்றாவது பதில். மணி இரண்டு. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சரி, முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்.

“அப்ப நான் சொல்றேன் கேளு. அது சுத்த வேஸ்ட். எல்லார் கையிலயும் போன் இருக்கு, செவுத்துக்குச் செவுரு கடிகாரம் இருக்கு. கழுதை மாதிரி எதுக்கு நின்னு கத்தணும்? முட்டாள்தனம்.”

அவன் காது நுனி சிவந்தது. “அது முட்டாள்தனம் இல்ல.”

மேம் இல்லை! இமானியின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன.

“அப்படியா? போன்ல அலாரம் அடிச்சாப் பத்தாதா?”

“பத்தாது. எங்கப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில வேலை பாக்குறாரு. வெடி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆள் சுத்தி வந்து கத்துவாரு. பத்து நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு. ஒவ்வொரு ஷெட்டா நின்னு, உள்ள இருக்கறவன் பதில் சொல்ற வரைக்கும் நகர மாட்டாரு. அப்புறம் அந்த ஆள நிறுத்திட்டு சைரன் வச்சாங்க. சைரன் டயத்துக்குச் சரியாத்தான் ஊதுச்சு. ஆனா லாரிக்கு அடியில எங்கப்பா படுத்து வேலை பாத்துட்டிருந்தாரு. இன்ஜின் ஓடிட்டிருந்துச்சு. அவருக்குக் கேக்கல. அவருக்குக் கேக்கலைங்கறது சைரனுக்கு எப்படித் தெரியும்?”

“ஐயோ. அப்புறம்?”

“உயிரு பொழச்சாரு. இடது காது போச்சு. இப்ப நான் போன் பண்ணா வலது பக்கம் வச்சுத்தான் பேசுவாரு.” மூச்சு வாங்கினான். “கடிகாரம் நேரத்த மட்டும்தான் சொல்லும். கத்துறவன் அதுக்கு மேல ஒண்ணு சொல்றான். நீ உள்ள இருக்கன்னு எனக்குத் தெரியும்னு சொல்றான். நாளைக்கு இவங்கெல்லாம் எங்கெங்கயோ போய் வீரர்களுக்கு ஆர்டர் போடப்போறாங்க. உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்காம வெறும் சைரனா ஊதுனா என்னாவும்? அதப் பழகத்தான் நாங்க கத்துறோம். எனக்கு அப்படித்தான் தோணுது.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டாண்டாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு வாதத்தைக் கேட்டதில்லை. நான் வெறுத்த வழக்கத்தையே என்னை விரும்ப வைத்துவிட்டான் படுபாவி! “இதுதான்டா! இங்கதான், இதே இடத்துல!” என்று கத்தினேன். அவன் பேனாவைப் பிடுங்கினேன். முதல் பக்கம், முதல் வரி. ‘இந்த வழக்கம் தொடர வேண்டும்’ என்பதற்குப் பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: ‘ஏனென்றால்’.

“கோரா,” என்றாள் இமானி மெதுவாக. “பேனா யார் கையிலடி இருக்கு?”

கையைப் பார்த்தேன். என் சந்தோஷம் அவன் கடைசி வாய்ப்பில் மையாகக் கொட்டிக் கிடந்தது.

“ஒரே ஒரு வார்த்தைதானே, அடிச்சிட்டு நீயே திருப்பி...” என்று ஆரம்பித்தேன். ஹோலிஸ் என் முகத்தைப் பார்த்தான். மீதியை விழுங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

“கடைசிப் பக்கத்துல இதை எழுதணும், மேம்,” என்றான்.

“ஆமா. எழுதணும்.”

“மேஜர் வாங்கலைன்னா?”

“முதல்ல எழுதுடா. மணி ரெண்டேகால் ஆச்சு,” என்றேன்.

மடிக்கணினியைத் திறந்தான். ஆரம்பத்தில் எழுத்து எழுத்தாகத் தட்டினான். பிறகு மழை கொட்டுவது போலத் தட்டினான். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். நடுவில் நிமிர்ந்து, “குவாரியோட ஆரம்பிக்கட்டுமா, வழக்கத்தோட ஆரம்பிக்கட்டுமா?” என்றான். “நீதான் சொல்லணும்,” என்றேன். அப்படிச் சொல்ல என் நாக்கு பட்டபாடு எனக்குத்தான் தெரியும். அவன் யோசித்துவிட்டுக் குவாரியை மேலே ஏற்றினான். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

மூன்று நாற்பதுக்கு அச்செடுத்தான். என் கையெழுத்து இருந்த பழைய தாளையும் பின்னால் இணைத்தான். மேஜரின் அறை அடுத்த கட்டடம். நான் குறுக்கே ஓடினேன். அவனுக்கு அந்த உரிமை இல்லை. முதலாண்டு மாணவன் நடைவழியில் சுவரை ஒட்டித்தான் நடக்க வேண்டும், ஒவ்வொரு மூலையிலும் நின்று நேர்கோணமாகத் திரும்ப வேண்டும். “சீக்கிரம் வாடா!” என்று நான் பல்லைக் கடிக்க, அவன் ஒரு மூலையைக்கூட விட்டுவிடாமல் திரும்பித் திரும்பி வந்தான். மூன்று ஐம்பத்தாறு.

மேஜர் அகினோ எந்தக் கட்டுரையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்ப்பார். கல்லூரிக்கே தெரிந்த விஷயம். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு உரக்க வாசித்தார்: “முதல் பக்கத்தின் முதல் வரியில் உள்ள ‘ஏனென்றால்’ என்ற சொல்லை என் வரைவில் கோரா லிண்ட் தன் கையால் எழுதினார்.” என்னைப் பார்த்தார். “உண்மையா?”

“உண்மை, மேம்.”

“உன்கிட்ட அப்புறம் பேசுறேன்.” அவனிடம் திரும்பினார். “பாய்ட். வேற ஒருத்தர் கை பட்ட கட்டுரை. இதை நான் ஏன் வாங்கணும்?”

ஏன். அந்தப் பாழாய்ப்போன சொல்! அவன் குதிகால்கள் சேர்ந்தன. தாடை மேலே போனது. நான்காவது பதில் அவன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. அது வெளியே விழுந்தால் எல்லாம் முடிந்தது. குறுக்கே பேச எனக்கு அனுமதி இல்லை. வேண்டாம்டா, வேண்டாம்டா, வேண்டாம்டா.

தாடை கொஞ்சம் இறங்கியது.

“ஏன்னா,” என்றான். “அந்த ஒரு வார்த்தைதான் அவங்களோடது, மேம். அதுக்கு அப்புறம் வர்றதெல்லாம் என்னோடது.”

மேஜர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதல் பக்கத்தைத் திருப்பினார். நின்றபடியே ஒரு பத்தியை வாசித்தார். பிறகு தேதி முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தி, கட்டுரையை மற்றவற்றோடு அடுக்கில் வைத்தார். “திங்கட்கிழமை பத்து மணிக்கு வா,” என்றார் அவனிடம். என்னை இரண்டு வாரம் எழுத்து உதவி அறைப் பக்கம் வரக் கூடாது என்றார். அந்த நேரத்தில் இரண்டு மாதம் என்றிருந்தாலும் சரி மேம் என்றிருப்பேன்.

சனி, ஞாயிறு நகரவே இல்லை. திங்கட்கிழமை காலை வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் சாக்கு எதுவும் இல்லை. பதினொன்றே முக்காலுக்கே என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். தேறாதவன் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான். நடைவழியில் வேறு யாராவது நின்று கத்துவார்கள்.

பூட்ஸ் சத்தம் வந்தது. நின்றது.

“மதிய அணிவகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம்! சீருடை, குளிர்கால மேலங்கியுடன்! சாப்பாடு, கோழி வறுவலும் சோள ரொட்டியும்!”

அதே கரகரக் குரல்! கட்டிலைவிட்டுக் குதித்தேன். பக்கத்து அறையில் இருக்கும் இமானிக்குக் கேட்கட்டும் என்று சுவரை இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு மூன்று தட்டு வந்தது.

ஆனால் பூட்ஸ் சத்தம் நகரவில்லை. என் கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. வழக்கத்தில் இல்லாத ஒன்றை அந்தக் குரல் கேட்டது.

“உள்ள இருக்கீங்களா... கோரா?”

“இருக்கேன்டா!” என்று கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் அவன் அடுத்த கதவுக்குப் போனான்.