சன்னாசியின் மாத்திரைகள்

மருந்தைக் கவரில் போட்டுக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்ததுதானே என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குத்தானா இத்தனை வருஷம் படித்தேன்? நோயாளி வீட்டுக்குப் போய், என்ன சாப்பிடுகிறார், எப்படிச் சாப்பிடுகிறார், எதை எதோடு கலக்கிறார் என்று பார்ப்பதும் மருந்தாளர் வேலைதான். அப்படித்தான் சுங்காய் ஊருக்குப் பக்கத்தில் பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நல்லம்மாள் வீட்டுக்குப் போனேன்.

இப்போது அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி எண்ணெய்ப்பனை. நடுப்பகலிலும் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. மகன் தர்மேந்திரன் வாசலிலேயே என்னை மடக்கினான்.

“மிஸ், அம்மாவுக்கு மண்ட கொழம்பிப் போச்சுலா. செத்துப்போன அப்பாகூட பேசுறாங்க. பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. ஈப்போல வயசானவங்க ஹோம் ஒண்ணு பாத்துட்டேன். கொண்டுபோய் விட்டுடப் போறேன்.”

உள்ளே நல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மிஸ்ஸி, என்ன இந்த வீட்ட விட்டு அனுப்பிடாதன்னு அவன்கிட்ட சொல்லு. அவர விட்டுட்டு நான் எங்க போவேன்?”

இங்கே நர்ஸைத்தான் மிஸ்ஸி என்பார்கள்; நான் மிஸ்ஸி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மூலையிலிருந்த மர நாற்காலியைப் பார்த்து, “சும்மா இருங்க, பிள்ள மருந்து பாக்க வந்திருக்கு” என்று அதட்டினாள். நாற்காலியில் யாரும் இல்லை. எனக்கு முதுகு சில்லிட்டது.

அவளுடைய இனிப்புநீர் மாத்திரைகளை, அதாவது சர்க்கரை வியாதிக்கானவற்றை, பார்த்தேன். ஒன்றும் தவறில்லை. ஆனால் நாக்கு காய்ந்து கிடந்தது, நாடி வேகமாக ஓடியது, அந்த அரை இருட்டுக்கும் அதிகமாகவே கண்மணி விரிந்திருந்தது. இது கிழடு தட்டிய மூளையின் வேலை இல்லை, ஏதோ மருந்தின் வேலை என்று உள்ளுக்குள் மணி அடித்தது.

“வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கம்மா?”

“சத்தியமா ஒண்ணும் இல்ல.”

“அப்பா எப்படி இருக்காரு?” ஏன் அப்படிக் கேட்டேனோ!

அவள் முகம் மலர்ந்தது. “இப்பதான் நல்லா இருக்காரு. கை நடுக்கமே இல்ல. உசுரோட இருக்கறப்ப மாத்திரைய கண்டாலே ஓடுவாரு, போத்தல் போத்தலா சேந்து கெடக்கு. இப்ப ஒழுங்கா சாப்பிடுறாருலா.”

சாமி மேடைக்குப் போனேன். அவள் புருஷன் சன்னாசியின் படத்துக்கு முன்னால் வாழையிலை. சோறு, கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் கை நடுக்கத்துக்கான மாத்திரைகள். வயதானவர்கள் தேவையில்லாமல் விழுங்கினால் இல்லாத ஆளைக் கண்முன் நிறுத்தக்கூடிய மாத்திரைகள்.

“படைச்ச பிறகு இத என்னம்மா செய்வீங்க?”

“படைச்சத யாராச்சும் வீசுவாங்களா? சோத்தோட சேத்து நான்தான் சாப்பிடுவேன்.”

அட கடவுளே! தினமும் புருஷனுக்குப் படைத்து, தினமும் தானே விழுங்கி, தினமும் அவரை வரவழைத்திருக்கிறாள். விஷயம் புரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இருந்த போத்தல்களையெல்லாம் பைக்குள் அள்ளிப் போட்டேன். வெறும் சோறு மட்டும் படைக்கச் சொல்லி அவளிடம் கெஞ்சினேன். அம்மாவைக் கொஞ்ச நாள் எங்கும் அனுப்பாதே, நானே திரும்பி வந்து பார்க்கிறேன் என்று மகனிடம் கறாராகச் சொன்னேன்.

கிளம்பும்போது நல்லம்மாள் மெதுவாகச் சொன்னாள், “எந்திரிச்சுட்டாரு. கதவாண்ட நிக்கிறாரு. நீ போறது அவருக்குப் புடிக்கல.”

நான் ஒருக்களித்துத்தான் வெளியே வந்தேன். ஏன் ஒருக்களித்தேன் என்று கேட்காதீர்கள்.

மறுபடி போனபோது தர்மேந்திரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “சூப்பர்லா மிஸ்! அம்மா தெளிஞ்சுட்டாங்க. ஹோம் வேணாம்னு சொல்லிட்டேன், இங்கயே இருக்கட்டும்.”

உண்மைதான். நாக்கில் ஈரம் இருந்தது, நாடி சீராக இருந்தது, நடையில் தடுமாற்றம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிளினிக்கில் போய் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டேன்.

மகன் தேத்தண்ணி கலக்க அடுப்படிக்குப் போனதும் நல்லம்மாள் என் பக்கம் குனிந்தாள். குரல் தெளிவாக இருந்தது.

“அவரு வர்றதில்ல மிஸ்ஸி. கூப்பிட்டுப் பாத்துட்டேன். வீடு பூரா தேடிட்டேன்.”

“அது மருந்து செஞ்ச வேலம்மா.”

“தெரியும். மவன் சொன்னான். நான் பைத்தியம் இல்லலா.” என் பையின் மேல் கை வைத்தாள். “ஆனா செத்த அன்னிக்கி சொல்லிக்காமயே போயிட்டாரு. ஒண்ணே ஒண்ணு குடு. போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, அப்புறம் கேக்கவே மாட்டேன்.”

“இல்லம்மா, மிச்ச மருந்த வச்சிருக்க மாட்டோம். எரிக்க அனுப்பிடுவோம். எரிச்சாச்சு.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“அவர மறுபடியுமா எரிச்சீங்க?” என்று கேட்டாள்.