வலது பக்கப் பை

வருஷத்தில் ஒரு ராத்திரி இந்த நகரத்துக்குக் கலைப் பைத்தியம் பிடிக்கும். அருங்காட்சியகம், ஓவியக்கூடம், பழைய நீதிமன்றம் என்று எல்லாவற்றையும் விடிய விடியத் திறந்து வைத்து, ஓசியில் உள்ளே விடுவார்கள். பகலில் எட்டிக்கூடப் பார்க்காத ஜனம் அன்றைக்கு முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். படிக்க வந்த எனக்குத் தேர்வு தலைக்கு மேல் இருந்தது. ஆனாலும் போனேன். அம்மா போகச் சொன்னாள்.

அம்மாவுக்குக் கலை மேல் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு வேண்டியது கூட்டம்.

"அவ்ளோ பேரு ஒரே எடத்துல சேர்றாங்கன்னா அண்ணன் வராமலா இருப்பான்? நல்லா சுத்திக் காட்டுடி. மூஞ்சி தெரியற மாதிரி காட்டு."

அண்ணன் எனக்கு முன்னாலேயே இந்தத் தேசத்துக்குக் கிளம்பியவன். நான் விசா வாங்கி விமானத்தில் வந்தேன். அவன் ஒரு தரகனை நம்பிப் படகில் ஏறினான். ஏறுவதற்கு முன் பேசியதோடு சரி. அப்பா மனசைத் தேற்றிக்கொண்டார். அம்மா அசையவில்லை. போன் தொலைந்திருக்கும், விசா காகிதம் இல்லாமல் எங்கேயாவது ஒளிந்திருப்பான், வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருப்பான் என்று காரணம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வந்ததிலிருந்து ரயில் நிலையம், சந்தை, விளையாட்டு மைதானம் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் வீடியோ காலில் காட்டியாக வேண்டும். சில நாள் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். திட்ட வாயெடுத்தால் அவள் முகம் தெரியும், அடக்கிக்கொள்வேன்.

அங்கே அவளுக்குப் பொழுது விடிந்திருந்தது. போனை நூல்கண்டு டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடை வேலை குவிந்து கிடந்தது. இங்கே தெருவில் மேளம் அடித்தாலும் என் காதில் அவள் மெஷின் சத்தம்தான் கேட்டது.

கூட வந்தவள் என் அறைத்தோழி. ரேடியோ என்று கூப்பிடுவேன். நிறுத்துகிற பொத்தான் இல்லாத ரேடியோ. அவளிடம் அண்ணனைப் பற்றி மூச்சு விட்டதில்லை. விட்டால் ஊருக்கே ஒலிபரப்பாகிவிடும்.

"கொண்டா, நீ ஆட்டி ஆட்டிக் காட்டற," என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, இங்க பாருங்க, ஆளுயரக் கடிகாரம்!"

"கடிகாரம் இருக்கட்டும்மா. அதுக்குப் பின்னாடி நீலச் சட்டை போட்டவன் நிக்கறானே, அவன் கொஞ்சம் திரும்புவானா?"

திரும்பினான். தாடி வைத்த வேறு யாரோ. மெஷின் மறுபடி ஓடியது.

கடைசியாகத் துறைமுகப் பக்கம் ஒரு பழைய கிடங்கு. 'கடல் திருப்பித் தந்தவை' என்று வாசலில் எழுதியிருந்தது. வரிசை நீளமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கும் என்பது ரேடியோவின் கணக்கு. போனோம். உள்ளே நீல வெளிச்சம், ஒலிபெருக்கியில் அலைச் சத்தம். கூரையிலிருந்து கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். செருப்புகள், ஒரு குழந்தையின் ஸ்வெட்டர், சட்டைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன அட்டை. ஒரு ஜோடி தரையில் படுத்துக்கொண்டு அவற்றோடு செல்ஃபி எடுத்தது. போனை வாங்கக் கை நீட்டுவதற்குள் ரேடியோ முன்னால் போய்விட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க டெய்லர்தானே, இந்தச் சட்டையப் பாத்தா சிரிப்பீங்க. பைய வலது பக்கம் வெச்சுத் தெச்சிருக்காங்க! கீழ போட்டிருக்கு பாருங்க. தெச்சவங்க யாருன்னு தெரியலையாம். அவசரத்துல தப்பாயிடுச்சாம்."

அண்ணன் இடதுகைக்காரன். நொட்டாங்கை, நொட்டாங்கை என்று கூப்பிட்டே அவனை அழ வைத்திருக்கிறேன். இடது கையால் எடுக்கத் தோதாக அவன் சட்டைக்கு மட்டும் அம்மா வலது பக்கம் பை வைப்பாள். கண்டதையும் திணித்துக் கிழித்துவிடுவான் என்று பையின் இரண்டு மூலையிலும் முக்கோணமாக ஒரு தையல் போடுவாள். கிட்டே போனேன். வெள்ளைத் துணியில் பச்சை முக்கோணம். அன்றைக்கு வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. கடை திறக்கட்டும்டா என்று அம்மா சொன்னாள், பச்சையே போடும்மா என்று அவன் பறந்தான். அவசரம் என்று அட்டையில் எழுதியவனுக்கு அது ஒன்றுதான் சரியாகத் தெரிந்திருக்கிறது.

தொடப் போனேன். காவலாளி ஓடி வந்து தடுத்தார். இது என் அண்ணனுடைய சட்டை என்று அவர் மொழியில் சத்தமாகச் சொன்னேன். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு பின்னாலிருந்து ஒரு பெண் கை தட்டினாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தட்டினார்கள். அவர்கள் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது.

ரேடியோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் போனை நீட்டினாள். மெஷின் சத்தம் நின்று போயிருந்தது. திரை முழுக்க அம்மாவின் ஒரு கண்ணும் பாதி நெற்றியும்தான் தெரிந்தன.

"அம்மா..."

"நம்மளது இல்லடி," என்றாள். "நான் அப்படித் தப்பா தெக்க மாட்டேன்."

கால் அங்குலம் குறைகிறது என்று யாராவது சொன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கே இறங்கிச் சண்டை போடுகிறவள் என் அம்மா. அவள் தைத்த பையை எவனாவது தப்பு என்று சொன்னால் சும்மா விடுகிற ஆளே இல்லை. அவளே தப்பு என்கிறாள்.

"சரிம்மா," என்றேன்.

வெளியே வந்தோம். தெரு கொள்ளாமல் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பழக்கத்தில் போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன்.

"கூட்டத்தக் காட்டட்டுமாம்மா?"

"வேணாம்டி," என்றாள் அம்மா. "ராத்திரி ரொம்ப ஆயிடுச்சு. நீ ரூமுக்குப் போ."