ஏழாவது அசைவு

தெங் மாஸ்டரின் சீகொங் மூச்சுப் பயிற்சியில் ஒன்பது அசைவுகள் உண்டு. அதில் மீனம்மாவுக்கு உண்மையாகத் தெரிந்தது எட்டுதான். கந்தப்பளைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இந்தச் சங்கதி ஒருவருக்கும் தெரியாது.

தெரியாமல் போனது ஏழாவது அசைவு. அதற்குக் காரணம் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் அவள் பார்த்துக்கொண்ட மேடம். எண்பத்திரண்டு வயது. விடிந்தும் விடியாததுமாக அடுக்குமாடிக்குக் கீழே முப்பது கிழவிகள் வரிசையாக நின்று கையைத் தூக்கி இறக்குவார்கள். பின்னால் நிற்கிற மீனம்மா, சும்மா நிற்பானேன் என்று தானும் செய்தாள். நான்கு வருடம் அப்படிப் போனது. ஆனால் ஆறாவது முடிந்ததுமே மேடத்துக்குத் தாகம் எடுத்துவிடும். மீனம்மா ஓடிப்போய் பெஞ்சில் இருக்கிற பிளாஸ்கைத் திறந்து, வெந்நீரை ஆற்றிக் கொடுப்பாள். மேடம் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு வாய் குடிப்பார். பெரிய வீட்டு நாகரிகம் போலும் என்று மீனம்மா நினைத்துக்கொள்வாள். அவள் பிளாஸ்கை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் எட்டாவது தொடங்கியிருக்கும். ஒருநாளாவது அந்த அம்மாவுக்கு ஐந்தாவதில் தாகம் எடுத்திருக்கக் கூடாதா?

ஒப்பந்தம் முடிந்து தோட்டத்துக்கு வந்தவளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். நாற்பத்தாறு வயதில் இவள் மட்டும் எப்படி இடுப்புப் பிடிக்காமல், கழுத்து இறுகாமல் நடக்கிறாள் என்பது அவர்களுடைய கேள்வி. சீகொங் என்றாள். வாயில் நுழையாததால் அது அன்றைக்கே சீன மூச்சு ஆகிவிட்டது. பிள்ளைக்காம்பரா வாசலில், வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவதற்கு முன்னால், பதினொரு பெண்கள் வரிசையாக நின்றார்கள். காம்பராவைப் பார்த்துக்கொள்கிற சுதர்ஷினி, மீனம்மா கொண்டுவந்த மாஸ்டர் படத்தை வாங்கி, தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். படத்தில் மாஸ்டர் வெள்ளைச் சட்டையில், கண்ணை மூடி, பனிமலைக்கு முன்னால் நின்றார்.

முதல் நாளே சிக்கல் வந்தது. ஆறு முடிந்தது. பதினொரு முகங்களும் அடுத்ததற்காகக் காத்திருக்கின்றன. ஆறுக்குப் பிறகு எட்டு என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? மீனம்மா நின்ற நிற்பில் ஒன்றைக் கட்டிவிட்டாள். கொழுந்து எடுக்கிறவள் நாள் முழுக்கக் கையைத் தோளுக்கு மேல் வீசி முதுகுக் கூடைக்குள் போடுகிறாள். மீனம்மா அதைத் திருப்பிப் போட்டாள். முதுகுப் பக்கமிருந்து கையை மெதுவாக மேலே கொண்டுவந்து, மூச்சை விட்டபடி முன்னால் இறக்கி, விரல்களை விரித்துவிட வேண்டும். மேகத்தை இறக்குவது என்று அதற்குப் பெயரும் வைத்தாள். பனிமலைக் குகையில் ஒரு துறவி எட்டு வயது மாஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்ததில் இதுதான் விசேஷமானது என்று சேர்த்தும் விட்டாள். பொய் சொல்ல ஆரம்பித்தால் கஞ்சத்தனம் எதற்கு?

அதோடு விட்டிருக்கலாம். மாஸ்டர் படத்தோடு வந்த அட்டையில் இருந்ததையும், மேடம் சொன்ன அர்த்தத்தை வைத்து ஒப்பித்தாள். நூறு நாள் விடாமல் செய்தால் மருந்து மாத்திரை வேண்டியதில்லை, தலை சுற்றினால் உடம்பின் விஷம் இறங்குகிறது என்று அர்த்தம். எங்கள் மேடமே எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டதாகச் சொல்லுவார் என்றாள். சொன்னவள் அன்று சாயங்காலமே அதை மறந்துவிட்டாள்.

மற்றவர்கள் மறக்கவில்லை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அன்று பயிற்சி முடிந்து பெண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது இக்னேசியஸ் சார் கையில் போனோடு வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அவருடைய மனைவி இசபெல் பதினொரு பேரில் ஒருத்தி. மூன்று மாதமாக வீட்டில் மாஸ்டர் புராணம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனிதர், இன்றைக்கு ஒரு கை பார்ப்பது என்றே வந்திருந்தார்.

"ஒங்க மாஸ்டர் வண்டவாளம் வெளிய வந்திருக்கு. பனிமலையில குகையும் இல்ல, துறவியும் இல்ல. ஆளு துணிக்கடையில வேல செஞ்சவராம். பழைய புத்தகங்கள்ல இருந்து அசைவுகளப் பொறுக்கிப் புதுப் பேர் வச்சிருக்காரு. இருவது வருசம் கூட இருந்த சிஷ்யையே எழுதியிருக்காங்க."

சுதர்ஷினிக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிய ஆளா வந்துட்டா நாலு பேரு நாலு விதமாத்தான் சார் பேசுவாங்க. அந்த அம்மாவுக்கும் அவருக்கும் என்ன தகராறோ, நமக்கென்ன தெரியும்?"

"இருக்கலாம், அத நான் மறுக்கல. ஆனா போன வருசம் நெஞ்சுல ஆபரேசன் பண்ணி, இப்ப நாளைக்கு ஆறு மாத்திர போடுறாராம். அத மாஸ்டரே இல்லன்னு சொல்லல."

"முடியலன்னா போடத்தான் செய்வாரு. அவரும் மனுசன்தானே?" என்றாள் இசபெல்.

"போடட்டும், நல்லது. ஊருக்கெல்லாம் விடச் சொல்லிட்டு, தான் மட்டும் எதுக்கு ஒளிச்சுப் போடணும்?"

"அப்ப நாங்க செய்யிறதெல்லாம் வீணுங்கிறீங்களா?" என்றாள் இசபெல் விடாமல்.

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? கையக் கால நீட்டி, மூச்ச இழுத்து விட்டா யாருக்கும் நல்லதுதான். அந்த அசைவெல்லாம் இவரு பொறக்கிறதுக்கு முந்தியே சீனத்துல இருந்திருக்கு. இவரா ஒண்ணு ரெண்டு சேத்திருந்தாலும் குத்தமில்ல. புதுசா பண்ணுனா புதுசுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? இல்லாத துறவிய எதுக்குக் கூட்டிக்கிட்டு வரணும்?"

சார் சிங்கப்பூர் ஆளைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் மீனம்மா மேல் வந்து விழுந்தது. இல்லாத துறவி எதற்கென்று அவளுக்குத் தெரியும். மீனம்மா சொன்னாள் என்றால் லயத்து வரிசை வீடுகளில் யார் கேட்பார்கள்? பனிமலை சொன்னது என்றால் வரிசையாக வந்து நிற்பார்கள். அந்தத் துணிக்கடை மனிதரும் ஒருநாள் ஆறாவது முடிந்து இப்படித்தான் விழித்துக்கொண்டு நின்றிருப்பாரோ என்று ஒரு நொடி அவர் மேல் பரிதாபம்கூட வந்தது.

அப்போதுதான் வேலாயி எழுந்தாள். ஐம்பத்தேழு வயது. இரண்டு வருடமாக வலது கை தோளுக்கு மேலே ஏறாமல், மருமகள் தலைசீவி விடுகிற நிலைமையில் இருந்தவள்.

"சார் படிச்சவரு. எனக்கு இந்த ஒண்ண மட்டும் வெளங்கப்படுத்துங்க." வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மேலே தூக்கி, முன்னால் இறக்கிக் காட்டினாள். "இந்தக் கை செத்த கை. ஏழாவது செஞ்சு செஞ்சு ஏறியிருக்கு. நானே சீவி நானே கொண்ட போடுறேன். பொய்க்கார மனுசன் சொல்லிக் குடுத்தது எப்படிங்க பலிக்கும்? கை விசயத்துல அவரு பொய் சொல்லல. அப்ப மாத்திர விசயத்துல மட்டும் எதுக்குப் பொய் சொல்லப் போறாரு?"

சார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"புதன்கெழமையோட எனக்கு நூறு நாள்" என்றாள் வேலாயி பெருமையாக. "அன்னைக்கே பிரசர் மாத்திரைய நிப்பாட்டிட்டேன். ஆறு வருசமா முழுங்குனது. மீனம்மாவோட மேடமே விட்டுட்டாங்களாம். எனக்கென்ன?"

"நாலு நாளாவா?" என்றாள் மீனம்மா. "அக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் செய்யலயே?"

"நேத்து மலையில தல கிர்ருன்னுச்சு. மேட்டுல ஒக்காந்துட்டேன். வெசம் எறங்குதுன்னு அட்டையில இருந்து நீதானே சொன்ன."

போன வருடம் இதே லயத்தில் அழகனுக்குப் பிரசர் ஏறி ஒரு பக்கம் விழுந்துபோய், இன்றைக்கும் ஸ்பூனால் ஊட்டிவிடுகிறார்கள். இசபெல் கெஞ்சினாள், சார் அதட்டினார். வேலாயி அசையவில்லை. அவளுக்குச் சாட்சி அவளுடைய கையே. அந்தக் கையைத் தாண்டி யார் பேச்சும் அவள் காதுக்குள் போகாது. அந்தக் காதைத் திறக்கிற சாவி மீனம்மா ஒருத்தியிடம்தான் இருந்தது. அந்தச் சாவியைத் திருப்பினால் அவளுடைய மானமும் சேர்ந்து போய்விடும். நாளைக்குப் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுகிறபோது கங்காணி வரைக்கும் சிரிப்பார்கள். சிங்கப்பூர்க்காரி என்ற பெயர் போய், புளுகுக்காரி என்ற பெயர் வரும். போனால் போகட்டும் என்று அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வேலாயிக்கா, ஏழாவது மாஸ்டரோடது இல்ல."

"என்னது?"

"மாஸ்டரோட ஏழாவத நான் கண்ணாலயே பாத்ததில்ல. அந்த நேரத்துக்கெல்லாம் மேடத்துக்குத் தண்ணி குடுக்கப் போயிருவேன். நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னீங்க. வெக்கமா இருந்துச்சு. கொழுந்து போடுற கையத் திருப்பி நானாத்தான் ஒண்ண செஞ்சேன். மேகமும் இல்ல, குகையும் இல்ல. ஒங்க கை ஏறுனதுக்கும் அந்த மனுசனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லக்கா. அவர நம்பி மாத்திரைய விட்டுறாதீங்க."

சுதர்ஷினி படத்தைப் பார்த்தாள், மீனம்மாவைப் பார்த்தாள். மீனம்மா யாரையும் பார்க்கவில்லை.

வேலாயி ஒரு காரியம் செய்தாள். வலது கையைப் பின்னால் கொண்டுபோனாள். பயந்து பயந்து மேலே தூக்கினாள். உண்மை தெரிந்த பிறகும் கை ஏறுகிறதா என்று பார்க்கிறாள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. கை ஏறியது. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி ஏறி, முன்னால் இறங்கி, விரல்கள் விரிந்தன. அவள் அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப இது ஒன்னோடதா புள்ள?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி. நூறு நாளா அந்தச் சீனத்துக்காரனக் கும்புட்டுக்கிட்டு இருந்தேனே." முதலில் வேலாயிதான் சிரித்தாள். பிறகு இசபெல், பிறகு எல்லாரும். சாருக்குக்கூடச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து வேலாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சரி, ஏழாவதுக்கு நீதான் மாஸ்டரு. மாத்திரையப் பத்தி நீ என்ன சொல்ற?"

"போடணும்க்கா. ஒருநாளும் விடக் கூடாது. டொக்டர் நிப்பாட்டச் சொன்னாத்தான் நிப்பாட்டணும்."

"மாஸ்டரே சொன்ன பெறகு என்ன. நட, டிஸ்பென்சரிக்குப் போவோம்."

பிரசரை அளந்தபோது நூற்றெழுபத்தெட்டு இருந்தது. டிஸ்பென்சரி ஐயா வேலாயியை ஒரு பாட்டம் ஏசினார். உடனே மாத்திரையைக் கொடுத்து, நிழலில் உட்கார வைத்து, மறுபடியும் மறுபடியும் அளந்தார். மூன்றாம் முறை நூற்றைம்பத்தைந்துக்கு வந்ததும், "நல்ல காலம், இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா என்ன ஆகியிருக்குமோ. நாளையில இருந்து காலையில சங்கு ஊதுறப்போ போட்டுறணும்" என்றார். மீனம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். மூன்று மாதத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் காலையில் ஒருத்தியும் வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். பதினொரு பேரும் நின்றார்கள். ஆணி மட்டும் சுவரில் இருந்தது. படத்தை எறிய மனம் வராமல் சுதர்ஷினி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டாள். சிஷ்யை சொன்னதை முழுதாக நம்பலாமா என்று இசபெலோடு இன்னும் வாக்குவாதம் வேறு.

ஆறாவது முடிகிறபோது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. வேலாயி கையை உயர்த்தி, "கொஞ்சம் இருங்க" என்றாள். மீனம்மா பழக்க தோஷத்தில் ஓடிப்போய்ச் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, ஆற்றிக் கொண்டுவந்தாள். மாத்திரையை விட்டுவிட்டதாக நேற்றுத்தான் பெருமை பேசியவள் அல்லவா? வேலாயி கூச்சத்தில் அந்தப் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டு ஒரு வாய் குடித்தாள்.

மீனம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

கைக்குட்டை. தினமும் அதே நேரம். ஒரே ஒரு வாய் தண்ணீர். மாத்திரை எல்லாம் விட்டுவிட்டேன் என்று முப்பது கிழவிகளுக்கு நடுவில் மார்தட்டிய மேடம், நான்கு வருடமும் கைக்குட்டைக்குள் எதை வைத்து விழுங்கினார் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. நான்கு வருடமும் தண்ணீர் ஆற்றிக் கொடுத்தவள் இவளேதான்.

"எதுக்குப் புள்ள தனியா சிரிக்கிற?" என்றாள் வேலாயி, வாயைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணுமில்லக்கா. இனிமே மறைக்காம எல்லாரும் பாக்கவே முழுங்குங்க. நாங்க காத்துக்கிட்டு இருப்போம்."

இந்தத் தடவை போத்தலை நிதானமாக மூடிவைத்துவிட்டு வந்து நின்றாள். அதன் பிறகுதான் ஏழாவது தொடங்கியது.