குளிர்விப்பான் வேண்டாத சில்லும் கெர்லாஃபின் வலக்கையும்

கெர்லாஃப் வீர்ஸ்மாவுக்குச் சூடு என்றாலே ஆகாது. ஐன்ட்ஹோவன் நகரத்து ஒளியியல் ஆய்வகத்தில் மற்றவர்கள் இறைச்சி திணித்த ரொட்டியைச் சுடச்சுடக் கடிக்கும் வேளையில், அவர் மட்டும் குளிர்ந்த மோரும் பாலாடைக்கட்டித் துண்டுமாக ஜன்னலோரம் அமர்ந்திருப்பார். காபியையும் நன்றாக ஆறவிட்ட பின்னரே அருந்துவார். ஆய்வு மேசைக்கு வந்தாலோ, மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே அவரது வலக்கை குளிர்விப்பானின் பொத்தானை அழுத்திவிடும். கண்ணாடி இழையில் களைத்து வரும் ஒளிக்குத் தெம்பூட்டும் குறைகடத்திச் சில்லு, சூடேறினால் தானே களைத்துவிடும். அதைக் குளிர வைத்தே அளந்து பழகிய கை அது.

அந்தப் பழக்கத்துக்குத்தான் உடன் பணிபுரியும் ரூலீன் வேட்டு வைத்திருந்தாள். குளிர்விப்பானே வேண்டாத சில்லு ஒன்றை அவள் உருவாக்கியிருந்தாள். மின்சாரத்தை விழுங்கும் குளிர்விப்பான் ஒழிந்தால், தெருவோரப் பெட்டியில் சில்லை வைத்துத் தொலைதூரப் பண்ணை வீடுகளுக்கும் இழை இணைப்புக் கொடுக்கலாம். அன்று இணைய நிறுவனத்திலிருந்து பிரவுவர்ஸ் என்பவர் வந்திருந்தார். சோதனை அடுப்பின் வெப்பத்தைச் சில்லு தாங்கினால் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். தாங்காவிட்டால் ரூலீனின் திட்டத்துக்கு மூடுவிழா.

நேரமின்மையால் ரூலீன் பழைய மேடையிலேயே சில்லைப் பொருத்தி, அதன் அடியிலிருந்த குளிர்விப்பானை அணைத்து வைத்திருந்தாள். அடுப்பு சூடேறியது. சில்லின் திறனைக் காட்டும் திரைக்கோடு அசையவேயில்லை.

"இம்மிகூட இறங்கலியேம்மா! மந்திரம் எதுவும் போட்டியா?" என்று வியந்தார் பிரவுவர்ஸ்.

ரூலீன் பூரித்துப்போய்ச் செர்ரி அப்பத்தை வெட்டி அவருக்குக் கொடுத்தாள். கெர்லாஃப் மட்டும் திரையை உற்று நோக்கினார். இத்தனை நேரான கோட்டை அவர் நெடுங்காலமாக அறிவார். மெல்லக் குனிந்து பார்த்தார். குளிர்விப்பானின் பச்சை விளக்கு அவரைப் பார்த்துக் கண்சிமிட்டியது. ரூலீனை ஓரமாக அழைத்தார்.

"கோவிச்சுக்காத. குளிர்விப்பான் ஓடிக்கிட்டிருக்கு."

"யாரு போட்டது?"

"நான் போடல. மேசைக்கு வந்ததும் என் கை போட்டிருச்சு."

"அடப்பாவி மனுஷா! கையும் நீயும் தனித்தனியாவா வேலைக்கு வர்றீங்க? அவரு கவனிக்கல. பேசாம அப்பத்தைத் தின்னு!"

"திங்கலாம். ஆனா ஆகஸ்டு வெயில்ல தெருப்பெட்டிக்குள்ள என் கை இருக்காதே."

ரூலீன் அவரை முறைத்தாள், பிறகு பெருமூச்செறிந்தாள். "அணைச்சுத் தொலை."

கெர்லாஃப் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிரவுவர்ஸ், இதுவரைக்கும் நீங்க பாத்தது குளிர்விப்பானோட வேலை. தப்பு என்னுது. இனிமே பாக்கப் போறதுதான் இவளோட வேலை."

குளிர்விப்பான் அணைந்தது. கோடு சரியத் தொடங்கியது. பிரவுவர்ஸின் முட்கரண்டி வாய்க்கு எதிரே அந்தரத்தில் நின்றது. ரூலீன் கண்களை மூடிக்கொண்டாள். கோடோ தள்ளாடித் தள்ளாடி இறங்கி, குறைந்தபட்ச அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே, நெரிசலான பேருந்தில் கடைசி இருக்கையைப் பிடித்தவரைப் போல் அமர்ந்துவிட்டது. பிறகு எழுந்திருக்கவேயில்லை.

"முன்ன பாத்ததைவிட மட்டம்தான்," என்றார் பிரவுவர்ஸ். "ஆனா எங்களுக்கு இது போதும். கையெழுத்துப் போட்டுடறேன். இன்னொரு துண்டு அப்பம் கிடைக்குமா?"

அவர் சென்ற பின்னர், கெர்லாஃப் குனிந்து குளிர்விப்பானின் மின்கம்பியைக் கழற்றினார். அதை அழகாகச் சுருட்டி ரூலீனின் கையில் வைத்தார்.

"இதை நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத. இனிமே இது இல்லாமத்தான் அளக்கப்போறேன்," என்றார்.