முதல் அண்டை

ஒரு துண்டுப் பன்றிக் கறிக்காக என் வீட்டுக்காரர் ஃபிர்மேனும் எதிர்வீட்டு அன்செல்மும் இருபத்திரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானே எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

எங்கள் ஊர் லாரிபேரில் சந்துகள் அவ்வளவு குறுகல். என் ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் அன்செல்ம் வீட்டு ஜன்னலில் காயும் சட்டையைத் தொட்டுவிடலாம். ஊரைக் கட்டிய பிரபு இந்த மலையடிவாரத்தில் கயிறு பிடித்துச் சதுரம் சதுரமாக மனை அளந்து கொடுத்தானாம். கூடவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முதல் அண்டையையும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டான். அப்புறம் மதில் இடிந்தது, ராஜா போனார், கம்பளித் தொப்பி ஆலை வந்தது, இரண்டு யுத்தங்கள் வந்து செத்த பையன்களின் பெயர்களைச் சதுக்கத்துக் கல்லில் ஏற்றிவிட்டுப் போயின. முதல் அண்டை மட்டும் அசையவில்லை.

பிடித்திருக்கிறதா என்று உங்களை யாரும் கேட்பதில்லை. அது வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள உறவு. கல்யாணம் என்றால் மணப்பெண்ணை வாசலில் நின்று வரவேற்பது முதல் அண்டை. சாவு என்றால் அடுப்பைப் பார்த்துக்கொள்வதும், கொட்டிலுக்குப் போய் மாடுகளிடம் சாவைச் சொல்வதும், சிலுவையைத் தூக்கிக்கொண்டு சவப்பெட்டிக்கு முன்னால் நடப்பதும் முதல் அண்டை. எங்களுக்கு அன்செல்ம் வீடு, அவர்களுக்கு நாங்கள்.

பன்றி அடிக்கிற அன்று முதல் அண்டைக்கு ஒரு தட்டு போக வேண்டும். ரத்தம் அடைத்த குடல், கொஞ்சம் விலா, முதுகுக் கறியில் ஒரு நல்ல துண்டு. அந்த வருஷம் அன்செல்ம் வீட்டிலிருந்து வந்த தட்டில் முதுகுக் கறி இல்லை. மறந்துபோனார்களோ, வழியில் நாய் கவ்வியதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? காபிக் கடையில் பத்துப் பேர் நடுவில், "அன்செல்ம் வீட்டுப் பன்னிக்கு முதுகே கிடையாதாம்பா, கேட்டீங்களா!" என்று முழங்கிவிட்டு வந்தார். அன்செல்ம் அந்தப் பத்துப் பேருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனாலும் தட்டு நிற்கவில்லை, அதுதான் வேடிக்கை. வருஷா வருஷம் இந்த வீட்டுத் தட்டு அங்கே போகும், அந்த வீட்டுத் தட்டு இங்கே வரும். முதுகுக் கறி மட்டும் முன்னைவிடப் பெரிய துண்டாக இருக்கும். அதிலும் ஒரு குத்தல்.

"நான் செத்தா அவன்தான்டி சிலுவை தூக்கணும், யூலாலி," என்பார் என் மனுஷன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. "அன்னிக்கு நல்லா மழை பெய்யணும்."

எதிரே அன்செல்ம் தன் பசுவிடம் சொல்வான், ஊருக்கே கேட்கிற மாதிரி: "நான் முந்திக்குவேன்டி. கல்லறை மேட்டுல ஏறுறப்ப அந்தத் தொந்திக்கு மூச்சு வாங்குறத நான் பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு கேக்கணும்!"

யார் முதலில் செத்து யாரைச் சிலுவை தூக்க வைப்பது என்று இரண்டு கிழடுகளும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. நடுவில் வேறொருவன் இருப்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கிரசியேன், அன்செல்மின் ஒரே பிள்ளை. அவனுக்கு ஆறு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். எனக்குக் குழந்தை கிடையாது. அப்புறம் என்ன, மத்தியானச் சாப்பாடு அங்கே, ராத்திரி சூப் இங்கே என்று வளர்ந்தான். முட்டைக்கோஸ் சூப்பில் வாத்துக் கொழுப்பு மிதக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இரண்டு வீட்டுத் தட்டுகளையும் சுமந்து சந்தின் குறுக்கே போய்வந்தவன் அவன்தான். "அத்தை, ரெண்டும் கழுதைங்க. ஆனா ரெண்டும் என் கழுதைங்க," என்பான். அவனை என் பிள்ளை என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

பட்டாளத்துக்குக் கூப்பிட்டு அவனை அல்ஜீரியாச் சண்டைக்கு அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து கிளம்பிய அன்று, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தின் நடுவில் நின்று கத்தினான்:

"ரெண்டு பேரும் கேட்டுக்கங்க! நான் திரும்பி வர்றப்ப ரெண்டு பேரும் ஒண்ணா ரயிலடிக்கு வரணும். வரலேன்னு வைங்க, அடுத்த வண்டியிலயே திரும்பிப் போயிடுவேன், ஆமா!"

இரண்டு ஜன்னலும் சாத்தியிருந்தன. இரண்டுக்கும் பின்னால் ஆள் நின்றது எனக்குத் தெரியும்.

மார்ச் மாதம், மலையில் பனி உருகி ஆறு மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, காலை வேளையில் மேயர் புர்தாலே எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஃபிர்மேன், சட்டப்படி நான்தான் போகணும். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே. நீதானே அந்த வீட்டுக்கு முதல் அண்டை."

"யாருக்கு என்ன ஆச்சு, மேயர் ஐயா?"

"தந்தி வந்திருக்கு. கிரசியேன்."

நான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தது கூட நினைவில்லை. ஐயோ என் தங்கமே என்று அலற வாயைத் திறந்தேன். மேயர் என் வாயைப் பொத்துகிற மாதிரி கையைக் காட்டினார், எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

"என்னால ஆகாது," என்றார் ஃபிர்மேன், தணிந்த குரலில். "இத்தனை வருஷம் கழிச்சு நான் அவன்கிட்ட பேசற மொத வார்த்தை இதுவா? நீங்களே போங்க. பாதிரியாரை அனுப்புங்க."

"பன்னெண்டு மணிக்கு ஆலையில சங்கு ஊதிடுவான், ஊரே தெருவுக்கு வந்துடும். தபாலாபீஸ்ல தந்தி வாங்கின பொண்ணு அழுதுகிட்டே உக்காந்திருக்கா, விஷயம் வெளிய வந்தாச்சுன்னு வச்சுக்க. தெருவுல போற எவனாவது சொல்லி அன்செல்ம் கேக்கணுமா?"

ஃபிர்மேன் எழுந்து உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தட்டைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

அந்தத் தொப்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் ஆண்கள் படுக்கையிலும் கோவிலிலும் தவிர அதைக் கழற்ற மாட்டார்கள். வயலில், கடையில், சாப்பாட்டு மேஜையில், எல்லா இடத்திலும் தலையில்தான். ஆனால் சாவு சொல்லப் போகிற முதல் அண்டை வாசலுக்கு வருமுன்பே கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அவன் வாயைத் திறக்கவே தேவையில்லை. வெறுந்தலையைப் பார்த்தாலே வீட்டுக்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

ஒரு சந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஃபிர்மேனின் கை தொப்பிக்குப் போனது. அதற்குள் எதிர்க்கதவு திறந்துகொண்டது. எங்களை ஜன்னல் வழியாகவே பார்த்திருக்கிறான்.

அன்செல்ம் வாசலில் நின்றான். அவன் கண்டது ஃபிர்மேனின் ஞாயிறு சட்டை, தலையில் தொப்பி, பின்னால் நான். அவன் முகம் விரிந்ததைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"அட பாவி மனுஷா! ஒரு சந்து தாண்ட இருபத்திரண்டு வருஷமாடா உனக்கு?"

ஃபிர்மேனின் கை தொப்பியிலிருந்து இறங்கிவிட்டது. கழற்றியிருக்க வேண்டும், அப்போதே கழற்றியிருக்க வேண்டும். ஆனால் யாரால் முடியும், சொல்லுங்கள்!

"உள்ள வாடா, கதவை அடைச்சுக்கிட்டு நிக்காத. யூலாலி, நீயும் வா. எனக்குத் தெரியும், எல்லாம் அந்தக் கள்ளப்பய வேலை. உங்களுக்கும் அதையே ஓதிட்டானா? ஒண்ணா ரயிலடிக்கு வரணும், இல்லேன்னா அடுத்த வண்டி!"

மூன்று கோப்பை எடுத்து வைத்தான். நல்ல ஒயினைத் தேடி அலமாரியில் தலையை நுழைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான்.

"நானே வரலாம்னுதான் இருந்தேன், சத்தியமா. ஈஸ்டருக்கு வரலாம்னு. நீ முந்திக்கிட்ட. எதுலயும் முந்திக்குவ நீ. அந்த முதுகுக் கறி விஷயம் இருக்கே, இப்ப சொல்றேன் கேளு, எங்க வீட்டு நாய்தான்டா தின்னுச்சு! எனக்கு அடுத்த நாளே தெரியும். நீ கடையில வச்சு அப்படிப் பேசினப்புறம் நாயைச் சொல்லவா முடியும், மானம் போயிடாது?"

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வர வரச் சிரித்தான். ஒயினை ஊற்றும்போது கை ஆடி மேஜையெல்லாம் சிந்தியது. தன் கோப்பையைத் தூக்கி, "கிரசியேனுக்கு!" என்று ஒரே மடக்கில் குடித்தான்.

ஃபிர்மேன் கோப்பையைத் தொடவில்லை. இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றினார்.

சிரிப்பு உடனே நிற்கவில்லை. கொஞ்சம் தூரம் தானாகவே ஓடிவிட்டு அப்புறம்தான் நின்றது. அன்செல்ம் அந்த வெறுந்தலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"யாரு?" என்றான்.

அவனுக்கு இருந்ததே ஒரே ஒருவன். அப்படியும் யாரு என்று கேட்டான்.

"அன்செல்ம்," என்றார் ஃபிர்மேன். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

அன்செல்ம் கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்தான். "என்னைச் சிரிக்க விட்டியேடா," என்றான். "எம்புள்ள செத்துக் கிடக்கறப்ப என்னைச் சிரிக்க விட்டியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே அவர் என்னதான் செய்வார், வாசலிலேயே உன் மேல் கல்லைத் தூக்கிப் போடவா என்று கத்த நினைத்தேன். கத்தவில்லை. குனிந்து அடுப்பைப் பற்றவைத்தேன், அது என் வேலை. ஃபிர்மேன் கொட்டிலுக்குப் போனார். மாடுகளிடம் அவர் சொல்வது சுவர் வழியாகக் கேட்டது. மனுஷனிடம் சொல்ல வராதது அங்கே வந்தது. பெயரைச் சொன்னார், ஒவ்வொரு மாட்டிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

உடம்பு ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்தது. ரயிலடிக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி வந்தது, பெட்டியை இறக்கினார்கள், வண்டி போய்விட்டது. அவன் கேட்டதை இருவரும் செய்துவிட்டார்கள்.

அடக்கத்தன்று ஃபிர்மேன்தான் சிலுவை தூக்கினார். கல்லறை மேட்டில் அவருக்கு மூச்சு வாங்கியது, எல்லோருக்கும் கேட்டது. மாற்றிக்கொள்கிறோம் என்று பையன்கள் வந்தார்கள், கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பெட்டிக்குப் பின்னால் அன்செல்ம் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தான்.

அடக்கம் முடிந்து தலையில் வைத்த தொப்பியை ஃபிர்மேன் அதற்கப்புறம் அன்செல்ம் கண் முன்னால் கழற்றவில்லை. கோவிலில் கூடக் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார், அவன் திரும்பிப் பார்த்தால் வெறுந்தலை தெரியக்கூடாதாம். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது தலை அரித்தாலும் உள்ளே வந்து சொறிந்துவிட்டுப் போவார். பைத்தியமா உங்களுக்கு என்று திட்டினேன்.

ஆகஸ்டில் ஒரு நாள், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆலையில் கூட அரை நாளோடு விட்டுவிட்டார்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்செல்ம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இளைத்துப்போய்ச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. நான் ஒரு தட்டு வைத்தேன், சூப் ஊற்றினேன். இரண்டு வாய் சாப்பிட்டான்.

எதிரே ஃபிர்மேன் நெற்றியிலிருந்து வேர்வை கொட்டிக் கொட்டித் தட்டில் விழுந்தது. அவர் கை இரண்டு தடவை தொப்பி வரைக்கும் போய் இறங்கியது. அன்செல்ம் கரண்டியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழட்டுடா, ஃபிர்மேன்," என்றான். "நீ வந்து சொல்றதுக்கு என் வீட்டுல இனிமே யாரு இருக்கா?"

ஃபிர்மேன் கழற்றவில்லை. இரண்டு கையாலும் தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துக்கொண்டு, எங்கள் கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையாக, குழந்தை மாதிரி அழுதார். அன்செல்ம் எழுந்து போகவில்லை. சூப் ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்று இருவரிடமும் சொன்னேன்.