நிறைஞ்சிருக்கு

எங்கள் எழுமலைப் பக்கம் வீட்டில் உப்புத் தீர்ந்துபோனால் 'இல்லை' என்று சொல்ல மாட்டோம். 'உப்பு நிறைஞ்சிருக்கு' என்போம். இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால் இல்லாமையே வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். அதிலும் விளக்கு வைத்த பிறகு அந்தச் சொல் வாயில் வரவே கூடாது. வாக்கப்பட்டு மதுரைக்கு வந்து, மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தியபோதும் நான் அதை விடவில்லை. மகள் முத்துத்தாய்க்கும் அதையே சொல்லி வளர்த்தேன்.

முத்துத்தாய்க்கு வலிப்பு உண்டு. மாத்திரையை விடாமல் போட்டால் மற்ற பிள்ளைகளைப் போல ஓடியாடித் திரிவாள். என் வீட்டுக்காரர் தவசிக்கு மில் சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்தம் உண்டு. அதனால் டிஸ்பென்சரியில் மருந்து சும்மா கிடைத்துவந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில், வீட்டில் மாத்திரை தீரும் முன்பே போய் மருந்து ஜன்னலில் நின்றேன். கம்பவுண்டர் பட்டாபிராமன் அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு வாங்கம்மா, வந்துடும்" என்றார்.

மறுநாளும் அதையேதான் சொன்னார். நெற்றி நிறையத் திருநீறும் சிரித்த முகமுமாகப் பிள்ளையை விசாரித்துவிட்டுச் சொன்னார். பாவம், தங்கமான மனுஷன், இல்லை என்ற சொல்லே வாயில் வராது என்று நானும் திரும்பித் திரும்பி நடந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! காதுத் தோட்டை அடகு வைத்தாவது வெளிக்கடையில் வாங்கியிருப்பேன். ஆனால் நாளைக்குச் சும்மா வரப்போகிற மருந்தை இன்றைக்கு யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? கையிலிருந்த மாத்திரையும் தீர்ந்தது. அப்போதும் 'நாளைக்கு'தான்.

வெள்ளிக்கிழமை காலையில் குழாயடியில் முத்துத்தாய் குடத்தோடு விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். வாயெல்லாம் ரத்தம், நாக்கைக் கடித்துவிட்டிருந்தாள். என் உயிர் என்னிடம் இல்லை.

டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஸ்யாமளா ஊசி போட்டுவிட்டுக் கோபமாகத்தான் கேட்டார்.

"மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?"

"நான் எங்கம்மா நிறுத்துனேன்? நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னு சொன்னாக. காத்துக் கெடந்தேன்."

"ஸ்டாக் இல்லைன்னு கம்பவுண்டர் எழுதித் தரணும்மா. நான் கையெழுத்துப் போடுவேன். அந்தச் சீட்டைக் காட்டினா வெளிக்கடையில ஈஎஸ்ஐ கணக்குல மருந்து தருவாங்க. நீங்க ஒண்ணும் கொடுக்க வேண்டாம். இதை யாரும் சொல்லலியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மருந்து கிடைத்திருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனேன்.

"இல்லேன்னு எழுதுங்க" என்றேன்.

பட்டாபிராமன் பதறிப்போனார். "மருந்துன்னு வந்து நிக்கறவா கிட்ட அந்தச் சொல்லைச் சொல்லப்படாதும்மா. மனசு ஒடிஞ்சுபோயிடும். எப்படியும் வந்துடும்னு நினைச்சுத்தான்..."

"ஒங்க வாய் நல்லாருக்கட்டும், சாமி! எம்புள்ள நாக்கப் பாருங்க!"

பார்த்தார். சீட்டை எடுத்து 'ஸ்டாக் இல்லை' என்று எழுதினார். அன்றைக்கு மத்தியானமே கடையில் மாத்திரை கிடைத்தது. அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

முத்துத்தாய் நாலைந்து நாள் கஞ்சி மட்டும் குடித்தாள். நாக்கு ஆறியது, பள்ளிக்கூடம் போனாள். நானும் கொஞ்சம் அசந்துவிட்டேன்.

அந்த மாத்திரையும் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில் இருந்தபடியே குரல் கொடுத்தேன்.

"முத்து, டப்பாவுல மாத்திரை இருக்காடி?"

"நெறஞ்சிருக்கும்மா."

சரி என்று உலையில் அரிசியைப் போட்டேன். அப்புறம்தான் சுருக்கென்று தைத்தது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போய் டப்பாவைத் திறந்தேன். காலி.

"இல்லேன்னு சொல்லுடி!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "வாயத் தொறந்து இல்லேன்னு சொல்லுடி, பாவி மகளே!"

அவள் மிரண்டுபோய் மாடவிளக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வெளக்கு வச்சாச்சேம்மா, சொல்லலாமா?"